அந்த இடம் ஏன் அமைதியாக இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 58. இன்னும் இரண்டு வருடத்தில் பணி ஓய்வு. சத்தமில்லாத ஒரு கடலோர ஊரில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் வெகுநாள் ஆசை. இப்போது ஒரு மனை பார்த்திருக்கிறோம். கரையிலிருந்து 70 மீட்டர்தான். முன்னால் வேறு வீடே கிடையாது, சுற்றிலும் ஆளரவம் இல்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தோம், இரண்டு முறையும் மனசு நிறைந்துவிட்டது. 'பின்னால் நல்ல விலைக்குப் போகும், முதலீடாகவும் இருக்கும்' என்கிறான் மகன். மனைவிக்கு மூட்டுவலி உண்டு. நகரத்தில் இருக்கும் வீட்டை விற்றுத்தான் இதை வாங்க வேண்டும். இன்னொருவரும் கேட்கிறார், சீக்கிரம் முன்பணம் கொடுங்கள் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். வாங்கலாமா? ஊர்ப் பெயரைச் சொன்னால் போட்டி வந்துவிடுமோ என்று எழுதவில்லை, மன்னிக்கவும்.

பதில்:

ஊர்ப் பெயரை மறைத்ததில் தப்பே இல்லை. எந்தக் கடற்கரையானாலும் நான் கேட்கும் கேள்விகள் மாறாது. முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: முன்பணம் இப்போது கொடுக்காதீர்கள். கடலோர ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த மனையை, இந்த அவசரத்தில் வாங்க வேண்டாம் என்கிறேன். நான் கட்டுமானப் பொறியாளன். என் வேலையில் பாதி கடலோர வீடுகளைப் பழுது பார்ப்பது. அதனால் என் பார்வையில் கொஞ்சம் துரு ஏறியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பார்த்த நல்ல நிலம் என்றால் எல்லோருக்கும் ஆசை வரும். அப்படியிருந்தும் ஓர் இடம் இத்தனை வருடம் ஆளில்லாமல் கிடக்கிறதென்றால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். குடிதண்ணீர் உப்பாக இருக்கலாம். மழை நாட்களில் சாலை துண்டிக்கப்படலாம். கரை வருடா வருடம் அரிக்கப்பட்டுக் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கலாம். வீடு கட்ட அனுமதியே கிடைக்காத எல்லைக்குள் அந்த மனை வரலாம். பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கலாம். நாலு கிலோமீட்டர் தள்ளித் துறைமுகமோ அனல்மின் நிலையமோ வரப்போவது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அல்லது நிஜமாகவே இதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம்தான் என்று உறுதியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆனால் தரகர் அதை மட்டும்தான் சொல்வார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கரையிலிருந்தே தொடங்குவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை அந்த 70 மீட்டர். அதை எந்த மாதத்தில் அளந்தீர்கள்? இரண்டு முறை போனதாக எழுதியிருக்கிறீர்கள். அனேகமாக இரண்டும் வெயில் காலமாகவே இருக்கும், மழையில் யார் மனை பார்க்கப் போகிறார்கள்? மணற்கரை ஒரே அகலத்தில் நிற்காது. சீற்றமான பருவத்தில் பெரிய அலைகள் மணலை அரித்து, கொஞ்ச தூரத்தில் கடலடியில் திட்டாகப் போட்டு வைக்கும். அமைதியான பருவத்தில் சிறிய அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரும். ஒரே இடத்தில் இரண்டு பருவத்துக்கும் இடையே பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும் கரைகள் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். கடல் அடங்கிய ஒரு மாதத்தில் கரையை அளந்து, 'தாராளமாகத் தூரம் இருக்கிறது' என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த புயலில் அவர் வீட்டுச் சுற்றுச்சுவர் கடலுக்குள் போயிற்று. வீடு தப்பியது, என் மரியாதை தப்பவில்லை.

பருவத்தோடு போய்வரும் மணலைப் பற்றிக்கூட அவ்வளவு கவலைப்பட வேண்டாம், அது திரும்பி வரும். திரும்பாத மணல்தான் ஆபத்து. அலைகள் கரையைச் சாய்வாக அடிப்பதால் மணல் கரையோரமாகவே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது, ஓர் ஆறு மாதிரி. அதன் குறுக்கே துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டினால், மணல் வரும் பக்கத்தில் குவியும், மறுபக்கத்தில் கரை பட்டினி கிடந்து உள்வாங்கும். தூண்டில் வளைவு என்று சொல்லும் கல் கட்டுமானங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஓர் ஊரைக் காப்பாற்றி, அரிப்பைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுகின்றன. ஆற்றில் அணை கட்டினாலும், மணல் அள்ளினாலும் கடலுக்கு வந்து சேரும் மணல் குறையும், அந்தக் கணக்கும் கரையில்தான் வந்து நிற்கும். ஆகவே மனைக்கு இருபுறமும் சில கிலோமீட்டர் தூரம் கரையோரமாக நடந்து பாருங்கள். கருங்கல் தடுப்பு கண்ணில் பட்டால், அது மணல் வரும் திசையில் இருக்கிறதா, போகும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பின் எந்தப் பக்கம் மணல் குவிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் மணல் வருகிறது. உங்கள் மனை எதிர்ப்பக்கத்தில் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. கூகுள் எர்த் கணினிச் செயலியில் பழைய படங்களை வருடவாரியாகப் பார்க்க முடியும். மனைக்குப் பக்கத்தில் இடம் மாறாத ஒன்றை, ஒரு கட்டடத்தையோ சாலை வளைவையோ குறித்துக்கொண்டு, அங்கிருந்து மணலின் விளிம்பு வரை ஒவ்வொரு வருடப் படத்திலும் அளந்து எழுதுங்கள். ஒரே பருவத்துப் படங்களாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். பத்துப் பதினைந்து வருடக் கணக்கு கையில் வந்துவிட்டால் தரகர் பேச்சுக்கு வேலை இல்லை. செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகின் மணற்கரைகளை எல்லாம் அளந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. கிட்டத்தட்ட 24 சதவீதக் கரை ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் அரிக்கப்படுகிறது, 28 சதவீதம் வளர்கிறது, மீதி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றது அது. அதாவது எல்லாக் கரையும் அழிகிறது என்று பயப்படத் தேவையில்லை. உங்கள் கரை எந்த வகை என்று தெரியாமல் வாங்கக் கூடாது, அவ்வளவே.

இதன் மேல் கடல்மட்ட உயர்வு வேறு. 1901க்கும் 2018க்கும் இடையே உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் சரிவு குறைந்த மணற்கரையில் கடல் செங்குத்தாக ஏறுவதில்லை, கிடையாக உள்ளே வருகிறது. 1962இல் பெர் ப்ரூன் என்ற பொறியாளர் சொன்ன தோராயக் கணக்குப்படி, மட்டம் எவ்வளவு உயர்கிறதோ அதைப்போல 50 முதல் 100 மடங்கு கரை பின்வாங்கும். எல்லாக் கரைக்கும் பொருந்தாத, நிறைய விமரிசனம் வாங்கிய கணக்குதான். ஆனாலும் ஒரு பயமுறுத்தலாக வைத்துக்கொள்ளலாம். இப்போதைய வேகத்திலேயே போனாலும் 30 வருடத்தில் 11 சென்டிமீட்டர். கரையில் அது 5 முதல் 11 மீட்டர். உங்கள் 70 மீட்டரில் இது மட்டும் என்றால் பெரிதில்லை. மேலே சொன்ன மணல் பட்டினியும் சேர்ந்தால்தான் விபரீதம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ரோடாந்தே என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. 2020க்குப் பிறகு அங்கே பல வீடுகள் அப்படியே கடலில் சரிந்தன. கட்டியபோது அவற்றுக்கும் முன்னால் அகலமான மணல் இருந்தது.

அப்புறம், கடலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், திரும்பி முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பின்னால் காயலோ கழிமுகமோ இருந்தால், வெள்ளம் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். முன்னால் கடல் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் வடிய வழியில்லாமல் பின்னால் பரவும். நடுவில் இருக்கும் மணல்மேடு தீவாகிவிடும். முகத்துவாரங்கள் இடம் மாறக்கூடியவை என்பதையும் மறக்க வேண்டாம். புயல் நேரத்தில் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் ஏற்றுவதை நாம் பெரிய அலை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கடலின் மட்டமே உயர்ந்து, அதன் மேல்தான் அலை அடிக்கிறது. கடலடி ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும் இடங்களில் இந்த ஏற்றம் மிக அதிகம். 2005இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் கரையில் 8 மீட்டருக்கும் மேல் ஏறியது. 'இங்கே கடல் ஆழமே இல்லை, குழந்தைகள்கூட நடந்து போகலாம்' என்று யாராவது மனையின் பெருமையைச் சொன்னால் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

தண்ணீர் எதுவரை வந்தது என்பதை உள்ளூர் முதியவர்களிடம், முக்கியமாக மீன்பிடிப்பவர்களிடம் கேளுங்கள். ஊரின் மிகப் பழைய வீடுகளும் வழிபாட்டு இடங்களும் எங்கே நிற்கின்றன என்று கவனியுங்கள். பழைய ஊர் முழுக்க உள்ளே தள்ளி மேட்டில் இருந்து, புதிய மனைகள் மட்டும் கரையில் போடப்பட்டிருந்தால், பழையவர்களுக்குக் கடல் பார்க்கும் ரசனை இல்லை என்று அர்த்தமில்லை. ஜப்பானில் அனெயோஷி என்ற சிற்றூரில், 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் செதுக்கியிருக்கிறது. ஊரார் அதை மதித்து மேட்டிலேயே இருந்தார்கள். 2011 சுனாமி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

இனி தண்ணீர். கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே தோராயமாக 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யும். அக்கம்பக்கத்தில் நாலு ஆழ்துளைக் கிணறு போட்டு மேல்மட்டம் 25 சென்டிமீட்டர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 10 மீட்டர் மேலே வரும். ஒருமுறை உப்பான கிணறு மீள வருடங்கள் ஆகும். எனவே மழைக்குப் பிறகு எடுத்த நீர்ச் சோதனையை நம்பாதீர்கள். கோடைக் கடைசியில் பக்கத்துக் கிணற்று நீரை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் நன்றாக இருக்கும். 1000ஐத் தாண்டினால் வாயில் வைக்க முடியாமல் போகத் தொடங்கும்.

என் சொந்தத் தொழிலான உப்புக்காற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், விட்டால் இதையே எழுதிக்கொண்டிருப்பேன். அலை உடையும் இடத்திலிருந்து உப்புத் துளிகள் காற்றில் வந்து படிகின்றன. முதல் சில நூறு மீட்டருக்குள் அதன் அளவு வேகமாகக் குறைந்துவிடும். 70 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் 700 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு. உப்பிலிருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப் பிடித்தால் அதன் கனஅளவு பல மடங்கு பெருத்து, மேலே உள்ள காரையைப் பிளந்து தள்ளும். பன்னிரண்டு வருடமே ஆன ஒரு வீட்டில், தலைக்கு மேல் தளத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டை உரிமையாளர் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: 'சிமெண்ட் கலப்படமா சார்?' சிமெண்ட் நன்றாகத்தான் இருந்தது. கம்பிக்கும் கான்கிரீட் வெளிப்பரப்புக்கும் இடையே விரற்கடை அளவுகூட மறைப்பு இல்லை, கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகை மேலேயே போட்டுக் கான்கிரீட் கொட்டியிருந்தார்கள். கடலோரத்தில் அந்த மறைப்பு 50 மில்லிமீட்டராவது வேண்டும். கலவையில் தண்ணீர் குறைவாக, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) அல்லது ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமெண்ட்டோடு கான்கிரீட் போட்டு, நாள் குறைக்காமல் கியூரிங் செய்ய வேண்டும், அதாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கடல் மணலும் உப்புக் கிணற்று நீரும் கலவைப் பக்கமே வரக் கூடாது. கைப்பிடி, கீல், ஆணிக்கெல்லாம் சாதாரண எவர்சில்வர் போதாது, 316 என்ற தரம் கேளுங்கள். இவ்வளவு செய்தும் ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் அரித்துப் போகத்தான் செய்யும். கட்டுமானச் செலவை விடப் பராமரிப்புச் செலவைத்தான் ஓய்வூதியக் காலத்தில் யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு முரண். மனைவிக்கு மூட்டுவலி என்கிறீர்கள். கரையோர வீட்டைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்ட வேண்டும், தண்ணீர் அடியில் புகுந்து போக வழி விட வேண்டும். அப்படியென்றால் வாசலுக்குப் பதினைந்து இருபது படி. கடல் வீட்டை உயரே தூக்கச் சொல்கிறது, முழங்கால் கீழே இறக்கச் சொல்கிறது. லிஃப்ட் வைக்கலாம். உப்புக்காற்றில் ஓடும் லிஃப்ட், புயல் நாளில் மின்சாரம் இல்லாத லிஃப்ட். இரண்டுக்கும் ஒத்துவரும் ஒரே வழி, இயற்கையாகவே மேடான நிலத்தில் தரையோடு வீடு கட்டுவதுதான். அப்படிப்பட்ட நிலம் பெரும்பாலும் கரையில் இருக்காது.

ஆஸ்பத்திரி விஷயத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். மழை பெய்யும் ஓர் இரவில் எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதனால் 'கிளினிக் இருக்கிறதா' என்று மட்டும் கேட்காமல், ஸ்கேனும் இருதய அடைப்பை நீக்கும் வசதியும் இரவிலும் இயங்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு, எழுதவே சங்கடமாக இருக்கிறது. இருவரில் ஒருவர் முதலில் போய்விட்டால், மற்றவர் அந்த வீட்டில் தனியாக இருப்பாரா? கார் ஓட்டத் தெரியுமா? கூப்பிட்ட குரலுக்கு வர யார் இருக்கிறார்கள்? 58 வயதில் அமைதியாகத் தெரியும் இடம் 78 வயதில் தனிமையாகத் தெரியலாம். விடுமுறைக்கு மட்டும் ஆள் வந்துபோகும் ஊர்களில், வருடத்தில் முக்கால்வாசி நாள் பக்கத்து வீட்டில் விளக்கு எரியாது.

மகன் சொன்ன முதலீட்டுக்கு வருவோம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மனையின் விலை எதனால் ஏறும்? சாலை வரும், ஓட்டல் வரும், ஆட்கள் வருவார்கள், அதனால் ஏறும். அப்படியானால் நீங்கள் தேடிப்போன அமைதி அன்றைக்கு இருக்காது. அமைதி அப்படியே நீடித்தால் வாங்க ஆளும் வராது, அவசரத்துக்கு விற்க முடியாது. முதலீட்டாளருக்கு நல்ல செய்தியாக இருப்பது ஓய்வெடுக்க வந்தவருக்குக் கெட்ட செய்தி. இரண்டு பேரும் நீங்களே என்றால், எந்தச் செய்திக்கு வருத்தப்படுவீர்கள் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இருக்கும் ஒரே வீட்டை விற்று வாங்குபவர் இதை முதலீடு என்றே நினைக்கக் கூடாது. வீட்டுக் கடன் இருபது வருடத்துக்கு. வெள்ளக் காப்பீடோ வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. ஒரு பெரிய புயலுக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தால், அந்த வீட்டை வாங்க வருபவருக்கும் கடன் கிடைக்காது. மனைக்குக் காப்பீடு கிடைக்குமா, என்ன தவணை என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொல்லும் தொகையே அந்த இடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

சட்டப் பக்கத்தை ஒரு வக்கீலிடம் விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். பல நாடுகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது எட்டும் எல்லையிலிருந்து, இவ்வளவு தூரத்துக்குக் கட்டடம் கூடாது என்று வரம்பு இருக்கிறது. கரை உள்ளே வந்தால் அந்தக் கோடும் உங்கள் மனைக்குள் வரும். ஸ்பெயின் 1988இல் கொண்டுவந்த கடற்கரைச் சட்டத்தில் அலை எட்டும் நிலம் பொதுச் சொத்தானது. முறையாகப் பத்திரம் வைத்திருந்தவர்களில் பலர் சொந்தக்காரர் என்ற நிலையை இழந்து, குறிப்பிட்ட காலத்துக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும் பெற்றார்கள். ஆகவே பத்திரம் சுத்தமாக இருப்பது போதாது, அந்த மனையில் வீடு கட்ட எழுத்துபூர்வமான அனுமதி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பக்கத்தில் ஒருவர் கட்டியிருக்கிறார் என்பது அனுமதிக்குச் சாட்சி ஆகாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தரகரிடம், இன்னொருவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மனை அங்கேயே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே. நகரத்து வீட்டை விற்க வேண்டாம். அதே ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மழையும் காற்றும் மோசமாக இருக்கும் பருவத்தில் ஒரு மாதமாவது இருவரும் தங்குங்கள். விடுப்பு கிடைக்காவிட்டால் வார இறுதிகளிலாவது. மின்சாரம் போய் எத்தனை மணி நேரத்தில் வருகிறது, காய்கறி எங்கே கிடைக்கிறது, துவைத்த துணி காய்கிறதா, இரவில் அலைச் சத்தம் தாலாட்டா தொந்தரவா எல்லாம் தெரிந்துவிடும். அலைச் சத்தத்தில் தூக்கம் வராமல் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் அந்த ஊர்தான் வேண்டும் என்று தோன்றினால், கரையை விட்டு உள்ளே தள்ளி, பழைய ஊர் நிற்கும் மேட்டுப் பக்கமாக மனை தேடுங்கள். அரை கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ தள்ளி இருந்தாலும் தினமும் காலையில் கடலுக்கு நடந்து போகலாம். மனைவிக்கும் சமதளத்தில் நடப்பது நல்லது. கூகுள் எர்த்தில் எடுத்த அளவுகளையும் கோடைக்காலத் தண்ணீர்ச் சோதனை முடிவையும் எனக்கு அனுப்பி வையுங்கள், ஊர்ப் பெயர் இல்லாமலே பார்த்துச் சொல்கிறேன்.